கையில் வாங்கியது யார்?

போன வாரம் வில்லியனூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பேர் சுகந்தி, அங்கே கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். அவர்கள் பக்கமும் பஞ்சாயத்து கரண்ட் வரப்போகிறதாம். வீடு வீடாகக் கடிதம் அனுப்பும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

“சார், பாகூர் பக்கம் நீங்கதான் செஞ்சீங்களாமே. அந்த லெட்டர வாட்ஸ்அப்புல போட்டு வுடுங்க சார். பேர மட்டும் மாத்திகினு அனுப்பிடறேன்” என்றாள்.

பேரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும் நான் அவளை அங்கேயே நிறுத்தினேன். “லெட்டர் அனுப்பறேம்மா. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எழுதி அனுப்பறேன், அதப் படிச்சிட்டு அப்பால அனுப்பு” என்றேன். அவள் சரி என்றாள். அதுதான் இது. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டால் அவள் பொறுத்துக்கொள்ளட்டும். ரிடையர் ஆனவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான்.

நான் ஏழுமலை. மின்சார ஆபீசில் ஏணி தூக்கும் ஹெல்பராகச் சேர்ந்து, கம்பம் ஏறி, கை சுட்டு, கடைசியில் மீட்டர் ரீடராக ஆனவன். ஏணி தூக்கிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோள் வலித்தது, அவ்வளவுதான். மீட்டர் ரீடர் ஆன பிறகுதான் எனக்கு வேலை பிடித்தது. பாகூர் ஏரிக்குத் தெற்கே எட்டு ஊர்கள் என் பொறுப்பு. அந்த எட்டு ஊரிலும் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைத்துவிட்டு வாலாட்டும் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்.

மீட்டர் பார்ப்பது சும்மா எட்டிப்பார்க்கிற வேலை இல்லை. பழைய வீடுகளில் மீட்டர் கதவுக்குப் பின்னால், காலண்டருக்கு மேலே, ஒட்டடைக்குள் இருக்கும். வாசலில் நின்று “மீட்டர்!” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சேலையைச் சரிசெய்யவும் நாயைக் கட்டவும் நேரம் தர வேண்டும். துணியால் கண்ணாடியைத் துடைத்து, டார்ச் அடித்து, எண்ணை ஒருமுறை மனதுக்குள் படிக்க வேண்டும். பிறகு வீட்டில் இருப்பவர் காதில் விழும்படி உரக்கப் படித்து, அதற்கப்புறம்தான் எழுத வேண்டும். இந்த உரக்கப் படிப்பது சட்டத்தில் இல்லை. எங்கள் இன்ஜினியர் அந்துவான் சார் போட்ட சட்டம்.

அந்துவான் சார் புதுச்சேரி டவுன்காரர். ஒல்லியான ஆள், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். “வாடா ஏழுமலை” என்றால் எல்லாம் நலம். “வாங்க மிசியே ஏழுமலை” என்று பிரெஞ்சு மரியாதை வந்தால் எனக்கு மதியச் சோறு இறங்காது.

ஆபீசிலிருந்து எந்த நோட்டீஸ் வெளியே போனாலும் அவர் அதை நான்காக மடித்து எங்களில் ஒருவன் கையில் வைப்பார். “நீதான் அந்த வூட்டு ஆளு. இப்பத்தான் வயல்லேர்ந்து வந்த. கால் கழுவல. இதுல இன்னா எழுதியிருக்கு, சொல்லு” என்பார். நாங்கள் பிரித்துப் படித்து, வயலிலிருந்து வந்தவனாகவே பதில் சொல்ல வேண்டும். தட்டுத்தடுமாறினால் நோட்டீசைக் கிழித்து அவரே புதிதாக எழுதுவார். கொடுத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “கையில வாங்கினது யாரு?”

“குடுத்துட்டேன் சார்” என்ற பதிலை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

அதன் அருமை எனக்கு ஒரு காதுகுத்தில்தான் புரிந்தது. ஒரு தெருவில் கம்பம் மாற்ற வேண்டியிருந்தது. இன்ன தேதியில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று நோட்டீஸ். நான் கொண்டுபோனபோது அந்த வீட்டு வாசலில் ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை, விருந்துக்கு வந்தவர். அன்று சாயந்திரமே திருக்கனூர் பஸ் ஏறிவிட்டார், நோட்டீசும் அவரோடு ஏறிவிட்டது. அந்தத் தேதி அந்த வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து. நாங்கள் லைனை நிறுத்திய நேரம், கிரைண்டரில் பாதி மாவு, மைக்செட்டில் பாதிப் பாட்டு, பந்தலில் முந்நூறு பேர்.

அவர்கள் எங்களை அடிக்காமல் விட்டதற்குக் காரணம் அந்துவான் சார். வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்துக்கு நடுவே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பு எங்களுது. ரெண்டு மணி நேரத்துல கரண்ட் வரும். அதுவரிக்கும் நான் இங்கதான் குந்தியிருப்பேன்” என்று பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார். கரண்ட் வந்ததும் அவர்களே இலை போட்டு அவருக்குச் சோறு போட்டார்கள். எனக்குப் போடவில்லை.

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்காரவைத்துச் சொன்னார்: “ரெஜிஸ்டர்ல இருக்கறது பேரு. வூட்ல இருக்கறது ஆளு. பேர எவன் வேணா எழுதுவான். நீ ஆள எழுது.”

அன்றிலிருந்து ஆபீஸ் புத்தகம் தனி, என் நோட்டு தனி. நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. ரெஜிஸ்டரில் என்ன பேர், உண்மையில் யார் குடியிருக்கிறார், கதவைத் திறந்தது யார், என்ன சொன்னார். நாற்பது பக்க நோட்டுகள், தீரத் தீர ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன். வீட்டில் என் மனைவி அதைப் பழைய பேப்பர்காரனிடம் போடப் பார்த்த கதை வேறு.

இந்த நோட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஏன் அவசியம் என்றால், இங்கே மின் இணைப்பில் பாதிக்கு மேல் செத்தவர்கள் பேரில் இருக்கிறது. தாத்தா வாங்கிய இணைப்பு தாத்தா பேரிலேயே ஓடும். பேர் மாற்ற வேண்டுமென்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து. அண்ணன் தம்பி பேசிப் பத்து வருஷம் ஆகியிருக்கும் வீட்டில் அந்தக் கையெழுத்தை யார் வாங்குவது? லைட் எரிகிறது, போதும் என்று விட்டுவிடுவார்கள். நான் வாசலில் நின்று “முனுசாமி வீடு” என்று கூப்பிட்டால், “அவரு செத்து இருவது வருசமாச்சு, வா வந்து பாரு” என்று உள்ளே விடுவார்கள்.

இப்படியே ரிடையர் ஆனேன். மாலை போட்டார்கள், பிரியாணி போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு மாதம் சும்மா இருந்திருப்பேன். கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தது. புதுத் திட்டம். பஞ்சாயத்துத் தரிசு நிலத்திலும் பள்ளிக்கூட மொட்டைமாடிகளிலும் சூரியத் தகடு போட்டு, அந்த மின்சாரத்தை ஊர் வீடுகளுக்குக் கணக்கில் சேர்ப்பது. கம்பி அதே கம்பி, மீட்டர் அதே மீட்டர். கரண்ட் யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதைத்தான் ஊர் முடிவு செய்கிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. சேருகிறேன் என்று யாரும் எழுதிக்கொடுக்க வேண்டாம். எல்லா வீடும் சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். பிடிக்காதவர் ஒரு மாதத்துக்குள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பழையபடி இருந்துகொள்ளலாம். அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு ஒரு கடிதம்.

பஞ்சாயத்து ஆணையர் சின்ன வயசுப் பெண், சுறுசுறுப்பு. “சார், எட்டு ஊர்ல எல்லா வீடும் உங்களுக்குத் தெரியுமாமே” என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. “தெரியும்மா, நாய் உட்பட” என்றேன். பஞ்சாயத்து ஆபீசில் எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கர்வத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடிதத்தின் வரைவை என்னிடம் காட்டினார்கள். இவ்வளவு வருஷமாகச் செத்தவர்கள் பேரைக் கூவிக் கூவி அலுத்த எனக்கு, இதோடு சேர்த்து அதையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ‘பெயர் உள்ளவர் உயிருடன் இல்லாவிட்டால், வாரிசுதாரர் கீழே கையெழுத்திட்டு இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.’ சான்றுகளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் பேர் மாறட்டும் என்றேன். ஆணையருக்குப் பிடித்துப்போனது. மின்சார ஆபீசில் என் பேச்சுக்கு மரியாதை இருந்ததால் அவர்களும் தலையாட்டினார்கள். ரெஜிஸ்டரிலிருந்து பேர்ப்பட்டியலை அப்படியே கம்ப்யூட்டரில் அச்சடித்து, பஞ்சாயத்துப் பியூன் கையில் கொடுத்து அனுப்பினோம்.

கையில் வாங்கியது யார் என்று நான் கேட்கவில்லை. அந்துவான் சாரிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் கேட்கவில்லை.

செத்தவர் பேருக்குக் காகிதம் வந்தால் எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம். அதைக் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளையிடம் கொடுப்பார்கள். பியூன் உள்ளூர்க்காரன், வழக்கப்படிதான் செய்தான்.

இரண்டு மாதம் கழித்து பஞ்சாயத்து ஆபீசுக்கு அஞ்சலாட்சி வந்தாள். நாவற்சாவடிக்காரி, ஐம்பது வயதிருக்கும். புருஷன் தெய்வநாயகம் கரும்பு லாரி கவிழ்ந்து இறந்து பன்னிரண்டு வருஷம். மூத்த மகள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இளையவள் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வீட்டில் இவள் ஒருத்திதான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்ட் பில்லை என் மேஜைமேல் வைத்தாள். தூக்கிப் போடவில்லை, வைத்தாள். தூக்கிப் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

“மீட்டர்காரரே, எங்க வூட்டு பில்லுல எங்க மூத்தாரு பேரு எப்படி வந்துச்சு?”

பார்த்தேன். தெய்வநாயகம் இருந்த இடத்தில் பலராமன் என்று அச்சாகியிருந்தது. அவளுடைய புருஷனின் அண்ணன். பக்கத்து வீடு.

“நீ கையெழுத்துப் போடலையா?”

“எனக்கு லெட்டரே வரலியே. அவரு வூட்டுக்குக் குடுத்துருக்கான். நேத்து வந்து சொல்றாரு, பில்லு எம்பேருக்கு வந்துச்சு, வூடும் அப்பா கட்டுனது, நீ பொண்ணுகிட்ட போயி இரேம்மா, ஒண்டியா இன்னாத்துக்குக் கஷ்டப்படறன்னு. சிரிச்சிகினே சொல்றாரு. நான் எங்க போறது? பொண்ணு ஆஸ்டல்ல கெடக்குது.”

மின் இணைப்பு வேறு, வீட்டுப் பத்திரம் வேறு என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கோ பாகம் பிரித்த பத்திரமே இல்லை. ஊரில் பஞ்சாயத்து பேசினால், பில் யார் பேரில் என்பதுதான் முதல் பேச்சு. பன்னிரண்டு வருஷமாக அவள் அந்த வீட்டில் இருப்பதற்கு ஒரே காகிதம் அந்தப் பில். ரேஷன் கார்டுக்கும் அதுதான், பேங்குக்கும் அதுதான். அதை நான் ஒரு வரியில் மாற்றிக் கொடுத்திருந்தேன். அவள் வீடு போனால், அதைப் போகச் செய்தவன் நான். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று சாயந்திரம் அந்துவான் சாருக்குப் போன் செய்தேன். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தடவை கத்திச் சொன்னேன்.

“கையில வாங்கினது யாரு, மிசியே ஏழுமலை?”

“நான் கேக்கல சார்.”

“சரி, உன் நோட்டு இருக்குதா?”

தகரப் பெட்டியை இறக்கி, பன்னிரண்டு வருஷத்து நோட்டுகளையும் கூடத்தில் பரப்பி உட்கார்ந்தேன். நாவற்சாவடி, கிழக்குத் தெரு, தெய்வநாயகம். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி. ‘ஆள் இல்லை. அஞ்சலாட்சி திறந்தது.’ ‘அஞ்சலாட்சி. காய்ச்சல்.’ ‘மீட்டர் எரிந்தது, அஞ்சலாட்சி எழுதிக்கொடுத்தாள்.’ ‘அஞ்சலாட்சி, மோர் கொடுத்தாள்.’ மோர் நான்கு இடத்தில் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, “அரசாங்க வேலைக்குப் போனியா, மோர் குடிக்கப் போனியா?” என்றாள். அவள் அதைக் கேட்ட நேரத்தில்தான் நான் தேடாத ஒரு வரி கண்ணில் பட்டது.

அஞ்சலாட்சியின் புகாரைப் பஞ்சாயத்து ஆபீசில் விசாரணைக்கு எடுத்தார்கள். பலராமனும் அஞ்சலாட்சியும் இரண்டு தரப்பு, எதிரே ஆணையரும் இப்போதைய இன்ஜினியரும். விசாரணை ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. நான் முதலில் எழுந்து, அந்தக் கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்தது நான்தான், சான்று கேட்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்றேன். ஆணையரின் முகம் சுருங்கியது. என் கர்வத்துக்குத் தலையாட்டியதற்காக அந்தப் பெண்ணுக்கும் ஏச்சு விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். வேறு வழியில்லை.

பலராமன் கெட்டவர் இல்லை. கரும்புக்காரர், நல்ல பேச்சுக்காரர். “நான் இன்னா திருடிட்டனா? கெவர்மென்ட்டே லெட்டர் குடுத்துது. வாரிசு கையெழுத்துப் போடுன்னுது, போட்டேன். நான் அவனுக்கு அண்ணன்தானே?” என்றார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

நான் நோட்டைப் பிரித்தேன். பன்னிரண்டு வருஷம் முன்பு, தெய்வநாயகம் இறந்த அடுத்த மழைக்காலம். சுவர் ஓதம் ஏறி அஞ்சலாட்சி வீட்டு மீட்டரை முன்சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் வயலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் பலராமன் இருந்தார். மாற்றலாமா என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக, மீட்டர் எண் படிப்பது மாதிரி உரக்கப் படித்தேன்.

“‘பலராமன் சொன்னது: அது அவ வூடு. அவளக் கேட்டு செய்யி.’”

பலராமன் நோட்டை வாங்கிப் பார்த்தார். தன் பேச்சுதானா என்று உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு அஞ்சலாட்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“எழுதியாடா வச்ச, பாவி!” என்றார். சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. “அப்ப தம்பி செத்த புதுசு. மனசு அப்படி இருந்துச்சு. சொன்னேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சொன்னது சொன்னதுதான். அவ பேருக்கே எழுதிக்குங்க. எங்க கையெழுத்து, காட்டு.”

ஆட்சேபணை இல்லை என்று அவர் போட்ட அந்தக் கையெழுத்து என் சர்வீசில் நான் பார்த்த அழகான கையெழுத்து. பன்னிரண்டு வருஷமாக நடக்காத காரியம், ஒரு மோர்க் கணக்கு நோட்டால் நடந்தது. அஞ்சலாட்சி அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று ஆணையரிடம் பொய் சொன்னேன்.

அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் செல்லாது என்று அறிவித்தோம். என் வரியை எடுத்துவிட்டோம். இந்தத் தடவை பியூன் போகவில்லை, நானே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் குடியிருப்பவர் கையில் கொடுத்து, உரக்கப் படித்துக் காட்டி, வாங்கியவர் பேரை எழுதிக்கொண்டு வந்தேன். நாற்று நடவில் தொடங்கிய வேலை அறுப்பில் முடிந்தது. நாய்கள் என்னை மறக்கவில்லை.

அஞ்சலாட்சி வீட்டுக்குக் கடைசியாகப் போனேன், வேண்டுமென்றேதான். அதற்குள் இணைப்பு அவள் பேருக்கு மாறியிருந்தது. உறையின்மேல் ‘திருமதி தெ. அஞ்சலாட்சி’ என்று அச்சடித்திருந்தது. அவள் அதை வாங்கி, பிரிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சூரியத் தகடு, ஊர்க் கரண்ட், விலை ஏறாது, எல்லாம் சொன்னேன். வழக்கம்போல மோர் வந்தது.

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்தா சேந்ததா அர்த்தம்” என்றேன்.

“வேணாம்னா?”

“வேணாம்னா இங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். எவனும் போடல. நல்ல திட்டம்மா, உனக்குத்தான் லாபம்.”

“நல்ல திட்டம்தான். எங்க மூத்தாரு கூட சேந்துட்டாராம்” என்றாள். “பேனா குடு.”

வாங்கினாள். தரையில் கடிதத்தை வைத்து, குனிந்து, எழுத்து எழுத்தாக ‘வேண்டாம்’ என்று எழுதினாள். அதன் கீழே முழுப்பேரையும் எழுதினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாம்மா இது! உனக்காக நான் எவ்ளோ அலைஞ்சேன்?”

“அடுத்த வருசம் சேந்துக்கறேன், மீட்டர்காரரே” என்றாள். “எம்பேருக்கு வந்த மொத காயிதம் இது. சும்மா இருந்தா சேந்ததுன்னா, நான் இருக்கறது யாருக்குத் தெரியும்?”

எட்டு ஊரிலும் வேண்டாம் என்று எழுதி வந்த காகிதம் அது ஒன்றுதான். அதை மடிக்காமல் பைக்குள் வைத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். ஆணையர் வாங்கிப் படித்துவிட்டு, “இதக் கையில வாங்கினது யாரு சார்?” என்று கேட்டார். அவருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அஞ்சலாட்சி வாங்கினா, அஞ்சலாட்சி எழுதினா” என்றேன். அன்று நோட்டிலும் அப்படியே எழுதினேன்.